விளிம்புத் தோட்டா

ரிவால்வர் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. பித்தளைக் கூட்டைவிடச் சற்று அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உருளையின் அறைக்குள் தோட்டா முழுசாக விழுந்துவிடாமல் தடுப்பது அந்த விளிம்புதான். சுட்டபின் வெற்றுக் கூட்டைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கும் அதுதான் பிடிமானம். 1935-இல் வந்த .357 மேக்னம், 1955-இன் கடைசியில் வந்த .44 மேக்னம் இரண்டுமே இந்த இனம். சுழலும் உருளைக்காகவே பிறந்தவை. இவற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மேகசினில் அடுக்கி, ஸ்பிரிங் மேலே தள்ள, ஸ்லைடு வந்து ஒவ்வொன்றாக வாரிக்கொண்டு போகும் பிஸ்டலில் போடுவது தோட்டாவின் சுபாவத்துக்கே விரோதமான காரியம். மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது, எதுவும் நகராது. பிஸ்டலுக்கென்று செய்த தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நீட்டிய விளிம்பு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் சிலர் விடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹாரி சான்ஃபோர்ட் கொண்டுவந்த ஆட்டோ மேக், விளிம்போடு மல்லுக்கட்டாமல், ரைபிள் கூட்டை வெட்டிச் செய்த புதுத் தோட்டாவைப் பயன்படுத்தியது. நல்ல யோசனைதான். ஆனால் துப்பாக்கி வாங்கியவனுக்குத் தோட்டா கடையில் கிடைக்கவில்லை. கம்பெனியும் சீக்கிரமே திவாலானது. மினசோட்டாவின் டான் கூனன், பழைய கோல்ட் 1911 பிஸ்டலின் உருவத்தைக் கொஞ்சம் நீட்டி, .357 மேக்னத்தை விளிம்போடு சேர்த்தே அதற்குள் நுழைத்தார். அதே மினசோட்டாவில் 1979-இல் தொடங்கிய மேக்னம் ரிசர்ச் நிறுவனம், இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸுடன் சேர்ந்து டெசர்ட் ஈகிளைக் கொண்டுவந்தது. முதலில் .357, பிறகு .44, அப்புறம் .50. பல ஆண்டுகள் இஸ்ரேலிலும் இடையில் சில காலம் மேய்ன் மாநிலத்திலும் செய்யப்பட்டுவந்த அது, 2009-க்குப் பிறகு மினசோட்டாவின் பில்லேஜர் என்ற சிற்றூரில் தயாராகிறது. நான் வாழும் மாநிலம் இந்தப் பிடிவாதக்காரர்களின் மாநிலம்.

என் தலைமுறைத் தமிழ் இன்ஜினியர்களுக்கு டெசர்ட் ஈகிள் அறிமுகமானது சினிமாவிலோ கடையிலோ அல்ல. கோயம்புத்தூரில் ஹாஸ்டல் லேன் நெட்வொர்க்கில் விடிய விடிய ஆடிய கவுன்டர் ஸ்டிரைக்கில் அது 'டீகிள்'. ஒரே ஒரு குண்டு, எதிராளி காலி. அந்த விளையாட்டில் மேகசினில் தோட்டா அடைக்கிற வேலையும் கிடையாது, கரி துடைக்கிற வேலையும் கிடையாது.

அமெரிக்கா வந்த பிறகும் பல வருடம் நிஜ டெசர்ட் ஈகிளைத் தொடக்கூட முடியாது. எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. இது தெரியாமல் வார இறுதியில் கூட்டமாகச் சுடுதளத்துக்குப் போய்ப் படமெடுத்துப் போடும் நம் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகும் மினசோட்டாவில் கைத்துப்பாக்கி வாங்க, உள்ளூர் போலீஸ் தலைவரிடமோ ஷெரிஃபிடமோ அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். இதெல்லாம் காகித வேலை, முடிந்துவிடும். வீட்டில் அனுமதி வாங்கியது தனிக் கதை. நம்பர் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி முதலில் வந்து தரையில் போல்ட் போட்டு இறுகிய பிறகுதான் துப்பாக்கி வரலாம் என்றாள் மனைவி. அப்படியே நடந்தது, .44 மேக்னம் டெசர்ட் ஈகிள் வீட்டுக்கு வந்தது. "ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வைப்பீங்களா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஊரில் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் சுடுதளத்தின் பழைய உறுப்பினர். ஓய்வுபெற்ற டூல் மேக்கர். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்பதால் பெரியவர் என்றே எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் லேத்தில் நின்ற ஆள். என் அப்பாவும் கோயம்புத்தூர் கணபதியில் பம்ப் செட் பாகங்கள் கடையும் சின்னப் பட்டறை வைத்திருந்தவர் என்று சொன்னதும்தான் என்னை ஏறிட்டே பார்த்தார். "வெர்னியர் பார்க்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்படியானால் உனக்குச் சொல்லிக்கொடுக்கலாம்."

சொல்லிக்கொடுத்தது உடனே சுட அல்ல. முதலில் மேகசின் அடைக்க. .44 மேக்னத்துக்கான டெசர்ட் ஈகிள் மேகசினில் எட்டுத் தோட்டா பிடிக்கும், ஒற்றை வரிசை. மேகசினின் வாயில் இரண்டு இரும்பு உதடுகள். ஏற்கெனவே இருக்கும் தோட்டாவைப் புதுத் தோட்டாவின் விளிம்பால் கீழே அமுக்கி, உதடுகளுக்கடியில் பின்னோக்கிச் சரித்துத் தள்ள வேண்டும். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் முன்தள்ளிப் படிவதுபோல, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். மேகசினே சாய்வாக வடிவமைக்கப்பட்டிருப்பதால் ஒழுங்காகத் தள்ளினால் தானே அப்படி அமையும். அவசரமாகத் தள்ளினால் அமையாது. பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றி வைத்து என்னிடம் கொடுத்தார். மேலேயிருக்கும் தோட்டாவை விரலால் முன்னே தள்ளிப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் நகர்ந்தது, பிறகு கல்லாக நின்றது. கீழ்த் தோட்டாவையும் இழுத்துக்கொண்டு நின்றது. "இப்போது ஸ்லைடு வந்து இதை இடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்" என்றார். அடைத்து முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவது அவர் பழக்கம். தோட்டாக்கள் பின்னே போய்ச் சீராக உட்காரும். எனக்கும் அந்தத் தட்டு கைவந்துவிட்டது. இப்போதெல்லாம் தட்டாமல் மேகசினைச் சொருகினால் ஏதோ குறைகிறமாதிரி இருக்கிறது.

அடுத்தது பிடி. இங்கேதான் இந்தத் துப்பாக்கி மற்றதிலிருந்து பிரிகிறது. ஒரு 9 மி.மீ. தோட்டா மொத்தமே 30 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். .44 மேக்னம் 41 மில்லிமீட்டர் வரை போகும். அந்த நீளம் முழுவதும் கைப்பிடிக்குள் முன்பின்னாகக் கிடக்க வேண்டும். ஆகவே கைப்பிடி ஆழமானது. என் கை சின்னது. டிரிக்கர் விரலின் நுனி மட்டுமே எட்டியது. பெரியவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் பின்பக்கம் கட்டைவிரல் அடிக்கும் சுட்டுவிரல் அடிக்கும் நடுவே நேராக உட்காருகிற இடத்தைப் பேனாவால் என் தோலிலேயே கோடு போட்டுக் காட்டினார். கொஞ்சம் புரட்டிப் பிடித்தால் டிரிக்கர் நன்றாக எட்டும். ஆனால் உதை கட்டைவிரல் மூட்டில் போய் இறங்கும். எட்டாவிட்டாலும் பரவாயில்லை, நேராகப் பிடி என்பது அவர் கட்சி. விரல் நுனியாலேயே இழுக்கப் பழகிக்கொண்டேன். அதற்குச் சில மாதங்கள் ஆனது.

இரண்டாவது கைக்கு ஒரு தடை உண்டு. மேகசினின் அடிப்பாகத்தைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. சினிமாவில் பலர் பிடிப்பது அப்படித்தான், டீக்கடைக் கிளாஸை அடியில் ஏந்துவதுபோல. டெசர்ட் ஈகிளில் மேகசின் கொஞ்சம் அசைய இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கும். கீழிருந்து உள்ளங்கை அழுத்தினால் தோட்டா இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே எழும்பும், ஸ்லைடு அதை ஒழுங்காக வாராது. பக்கத்து வரிசையில் ஒரு இளைஞர் தன் நண்பரின் துப்பாக்கியை அப்படிப் பிடித்துச் சுட்டார். முதல் குண்டு போனது. இரண்டாவது பாதி ஏறி நின்றது. மேகசினை மாற்றினார்கள். மறுபடி அதேதான். மேகசின் மோசம் என்று முடிவு கட்டி வேறொன்று வாங்கக் கிளம்பிவிட்டார்கள். பெரியவர் எழுந்துபோய் அந்த இளைஞரின் இடது கையை மட்டும் இரண்டு அங்குலம் மேலே நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேகசின் முழுவதும் தடங்கலில்லாமல் ஓடியது. அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிவால்வருக்கு இந்தத் தகராறு எதுவும் இல்லை. நீங்கள் எப்படிப் பிடித்தாலும், மணிக்கட்டு தொளதொளவென்றிருந்தாலும், உருளை உங்கள் விரலின் பலத்தால் சுழலும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டல் அப்படியல்ல. வெடித்த தோட்டாவின் விசையையே கடன் வாங்கி ஸ்லைடைப் பின்னால் அனுப்பிக் கூட்டை எறிந்து அடுத்ததை ஏற்றுகிறது. ஸ்லைடு பின்னால் ஓடும்போது துப்பாக்கியின் உடல் அசையாமல் நின்றால்தான் அது முழுத் தூரம் போகும். அந்த உடலைப் பிடித்து நிறுத்துவது நம் கை. கை தளர்ந்தால் எல்லாம் சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு பாதி வழியில் சோர்ந்து திரும்பும். வெற்றுக் கூடு கதவிடுக்கில் நிமிர்ந்து நிற்கும். சில நேரம் வெளியேறியும் சுடுபவர் நெற்றியிலேயே வந்து சூடாக விழும். ஆகவே இந்த வகைத் துப்பாக்கியில் கையையும் ஓர் இயந்திர உறுப்பாகத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று கணக்கிட்டவர்கள் கையின் இறுக்கத்தையும் எங்கேயோ கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நான் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அந்த உறுப்பாக என் கையை மாற்றுவது.

உதை எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். பயந்த அளவுக்கு இல்லை. 240 கிரெய்ன், அதாவது பதினைந்தரை கிராம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 400 மீட்டர் வேகத்துக்கு மேல் கிளம்புகிறது. 9 மி.மீ. குண்டின் எடை இதில் பாதியளவுதான். ஆனால் துப்பாக்கியே இரண்டு கிலோ. ஸ்லைடின் ஓட்டம் உதையைக் கொஞ்சம் நீட்டி இழுத்துக் கொடுக்கிறது. பெரியவரின் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 29 ரிவால்வரில் அதே தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கையில் பிரம்படி மாதிரி சுரீரென்று வரும். இதில் பெரிய தள்ளு. சத்தம்தான் கொடுமை. காதுக்குள் நுரை அடைப்பானும் அதற்கு மேல் காதுமூடியும் இரண்டும் வேண்டும். உள்ளரங்கச் சுடுதளத்தில் இதைச் சுட்டால் பக்கத்து வரிசைக்காரர்கள் சாமானை எடுத்துக்கொண்டு தள்ளிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

உதையைவிட மோசமானது உதைக்கு முன்னால் வரும் பயம். அதைப் பிடிக்கப் பெரியவர் வைத்திருந்த வழி பழையது, எல்லாச் சுடுதளத்திலும் உள்ளது. மேகசினில் மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றை எனக்குத் தெரியாமல் நடுவே அடைத்துவிடுவார். நிஜத் தோட்டா வெடிக்கும்போது உதையில் எல்லாம் மறைந்துவிடும். பொய்த் தோட்டாவில் சுத்தியல் 'டக்' என்று விழும்போது, துப்பாக்கி வாய் கீழே சரிவது பட்டவர்த்தனமாகத் தெரியும். கை, வராத உதையை எதிர்த்து முன்கூட்டியே அமுக்கியிருக்கும். யாருக்கும் இதிலிருந்து விலக்கில்லை என்று நினைத்தேன். பெரியவருக்கு நான் அதே வேலையைச் செய்து பார்த்தேன். சுத்தியல் விழுந்தது. துப்பாக்கி அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மாலையில் வீட்டில் கழற்றுவது தனி சுகம். லேத்துப் பட்டறையில் வளர்ந்தவனுக்குச் சுடுவதைவிட இது பிடிக்கலாம். மேகசினை எடுத்து, அறை காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்த பிறகு, ஒரு பொத்தானை அமுக்கி ஒரு நெம்புகோலைத் திருப்பினால் குழல் தனியாக மேலே எழுந்து வந்துவிடும். கருவிகள் எதுவும் வேண்டாம். சாதாரண பிஸ்டலில் குழல் ஒவ்வொரு குண்டுக்கும் சற்றே சாய்ந்து நகரும். இதில் குழல் உடலோடு கட்டுண்டு நிற்கிறது. அறையைத் தாண்டிய உடனே குழலின் அடியில் ஒரு சிறு துளை. அதன் வழியாக வாயு இறங்கி, குழலுக்கடியில் உள்ள குழாயில் முன்னோக்கி ஓடி, துப்பாக்கி வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஸ்லைடைப் பின்னால் அனுப்புகிறது. ஸ்லைடுக்குள் இருக்கும் போல்ட் சுழன்று பூட்டை விடுகிறது. இது ரைபிளின் வேலை. ரைபிளுக்குள் இருக்க வேண்டிய சாமானை ஒரு கைத்துப்பாக்கிக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள். முதல்முறை போல்ட்டைத் தனியே எடுத்துப் பார்த்தபோது எம்-16 ரைபிளின் போல்ட்டைக் குட்டையாக்கி வைத்தது போலிருந்தது.

வாயுவால் ஓடுவதால் குண்டைப் பற்றியும் கண்டிப்பு உண்டு. செம்பு உறை போட்ட குண்டு மட்டும்தான். உறையில்லாத வெறும் ஈயக் குண்டைச் சுட்டால் ஈயம் சீவப்பட்டு அந்தச் சிறு துளையை அடைத்துவிடும். ரிவால்வர்க்காரர்கள் மலிவாக ஈயக் குண்டு வார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. துளையிலும் பிஸ்டனிலும் படிகிற கரியை எண்ணெய் ஊற்றிக் கரைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரியவர் பிஸ்டனைத் துடைத்துக் காய்ந்தபடியே விடுவார். மினசோட்டா ஜனவரியில் எண்ணெய் தேனாக இறுகிவிடும் என்பார்.

கடையில் .44 மேக்னம் தோட்டாவின் விலை கொஞ்சமல்ல. ஒரு மேகசின் காலியாக எட்டு நொடி போதும். கணக்குப் போட்டுப் பார்த்தவன் யாரும் வெகுநாள் கடைத் தோட்டா சுடுவதில்லை. சுட்ட கூட்டைப் பொறுக்கி வந்து தானே மறுபடி நிரப்பிக்கொள்வான். ரிவால்வரில் வெற்றுக் கூடு கையிலேயே விழும். இதில் பத்தடி தள்ளிப் பறக்கும். பனிக்காலத்தில் சூடான பித்தளை பனியில் துளை போட்டு உள்ளே இறங்கிவிடும். கோடையில் புல்லில் தேட வேண்டும். பெரியவர் பழைய போர்வை ஒன்றைத் தரையில் விரித்து வைக்கிறார்.

நிரப்பும் வேலையில்தான் வெர்னியர் வந்து சேர்ந்தது. வெடித்ததில் உப்பிய கூட்டை டையில் விட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பிரைமரைத் தள்ளிப் புதுசு வைக்க வேண்டும். வாயைக் கொஞ்சம் விரித்து, மருந்து போட்டு, குண்டை உட்கார்த்தி, வாயின் ஓரத்தை உள்ளே மடித்து இறுக்க வேண்டும். மருந்தில் பெரியவர் நிதானமாக எரியும் வகையைத்தான் சொல்வார், ஹாட்ஜ்டன் எச்110 போன்றது. வின்செஸ்டர் 296 என்ற பெயரில் விற்பதும் இதுவேதான். அது கூட்டைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். ஆகவே தவறி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சிக்கனமாகக் குறைத்துப் போடக் கூடாது. தயாரிப்பாளரின் புத்தகத்தில் உள்ளதற்குக் கீழே போனால் ஆபத்து என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். எங்கள் துப்பாக்கியும் மெலிந்த தோட்டாவை ஏற்காது. வாயு போதாமல் பாதியில் நின்றுவிடும். ரிவால்வர்க்காரன் இஷ்டத்துக்கு மென்மையாகச் சுட்டுக்கொள்ளலாம். இதில் முழு வீரியம், இல்லையென்றால் ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த மடிப்பு. ரிவால்வரில் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது உருளையில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் வெளியே நகரப் பார்க்கும். வெளியே வந்தால் உருளை சிக்கிக்கொள்ளும். அதைத் தடுப்பது அந்த மடிப்புதான். பிஸ்டலில் நேர் எதிர். தோட்டா மேகசினில் முன்சுவரில் மோதும், அறைக்குள் ஏறும்போது மூக்கு இடிபடும், குண்டு உள்ளே அமுங்கப் பார்க்கும். உள்ளே அமுங்கினால் அழுத்தம் ஏறும். ஒரே மடிப்பு, ரிவால்வரில் ஒரு திசைக்கும் இங்கே எதிர்த் திசைக்கும் காவல் நிற்க வேண்டும். பெரியவர் தன் தோட்டாக்களைச் சுடும் முன்னும், அறையில் ஒருமுறை ஏற்றி இறக்கிய பின்னும் வெர்னியரில் அளந்து காட்டினார். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. என்னுடையதை அளந்தோம். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு குறைந்திருந்தது. டையை ஒரு நூல் அளவு திருப்பினார். மறுபடி அளந்தோம். சரியாயிற்று. அப்பாவின் பட்டறையில் ஒரு ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் சிக்காமலும் ஆடாமலும் வழுக்கி இறங்கும்போது வரும் நிம்மதி.

பெரியவரிடம் .50 ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ் குழல் ஒன்று உபரியாகக் கிடக்கிறது. 1988-இல் அந்தத் தோட்டாவை உருவாக்கியபோது அதன் அடி விளிம்பை .44 மேக்னத்தின் அளவுக்கே வைத்துவிட்டார்கள். எனவே போல்ட்டை மாற்ற வேண்டியதில்லை. குழலையும் மேகசினையும் மாற்றினால் என் துப்பாக்கியே .50 ஆகிவிடும். வேண்டுமானால் எடுத்துப்போ என்கிறார். நான் எடுக்கவில்லை. நவம்பரில் மான் வேட்டைக்கு வரச் சொல்கிறார், .44-ஐயே கொண்டுவரச் சொல்லி. அதற்கு அவர் வைத்திருக்கும் நிபந்தனை: ஐம்பது கெஜத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகல வட்டத்துக்குள், நின்றபடி ஐந்து குண்டும் விழ வேண்டும். ஐந்தாவது இன்னும் வெளியேதான் போகிறது.